.30-06 பித்தளைக் கூட்டிலிருந்து .338-06: வைல்ட்கேட் தோட்டாவுக்குக் கூடு அமைக்கும் முறை

எந்தத் தொழிற்சாலையும் தர அளவுகளை வகுத்துச் சந்தைக்கு அனுப்பாத, ஏற்கெனவே உள்ள ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்திலோ தோளிலோ உடலிலோ மாற்றியமைத்துத் தனியொருவர் உருவாக்கிக்கொள்ளும் ரைஃபிள் தோட்டாவையே வைல்ட்கேட் என்று அழைக்கிறார்கள். இந்த வழக்கம் பெரும்பாலும் அமெரிக்காவில் வேரூன்றி வளர்ந்தது. அதற்கு முதல் காரணம் 1906இல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட .30-06 தோட்டாவாகும். அதன் கூடுகள் எங்கும் மலிவாகக் கிடைத்தன. அதன் அடிவிளிம்பின் விட்டம் 0.473 அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டர். மௌசர் ரைஃபிள்களின் தோட்டாக்களுக்கும் இதே விளிம்பளவு இருந்ததால், தோட்டாவின் அடியைத் தாங்கிப் பின்புறத்தை மூடும் போல்ட்டின் முகத்தைத் தொடாமலேயே குழலை மட்டும் மாற்றிப் புதிய தோட்டாவுக்கு ரைஃபிளைத் தயார்செய்ய முடிந்தது. 1920இல் துப்பாக்கிக் கம்மியர் நீட்னர் இக்கூட்டின் கழுத்தைச் சுருக்கி .25 குண்டைப் பொருத்தி .25-06ஐ உருவாக்கினார். 1922இல் கர்னல் டவுன்செண்ட் வீலனும் ஜேம்ஸ் ஹோவும் அதே கழுத்தை விரித்து .35 வீலனை உருவாக்கினர். முன்னதை ரெமிங்டன் நிறுவனம் 1969இல் தன் தயாரிப்பாக்கிக்கொண்டது. பின்னதை 1980களின் இறுதியில் எடுத்துக்கொண்டது.

இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளும் உதாரணம் .338-06. கறாராகச் சொன்னால் இது இன்று முழு வைல்ட்கேட் அல்ல. 1990களின் இறுதியில் ஏ-ஸ்கொயர் நிறுவனத்தின் முயற்சியால் அமெரிக்க உற்பத்தியாளர்களின் தர நிர்ணய அமைப்பு இதற்கு அளவுகளை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் இதைப் பயன்படுத்துவோரில் பலர் இன்றும் .30-06 கூட்டை விரித்தே தம் தேவையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். முதன்முதலாகக் கூடு அமைக்கப் புகுபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். அமைப்பு வேலை எளியது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அழுத்தமானி பொருத்திய சோதனைக் குழல்களில் அளந்து அச்சிடப்பட்ட வெடிமருந்துத் தரவுகள் இதற்கு உண்டு என்பது. யாரும் அளந்து பார்க்காத ஒரு வடிவத்தைத் தாமே வரைந்து, குழலில் தோட்டா அமரும் குழியை வெட்டும் ரீமரைத் தாமே செய்வித்து, அழுத்தத்தை ஊகத்தால் மதிப்பிடுபவர் துணிச்சலானவராக இருக்கலாம். முதல் முயற்சிக்கு அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை.

இவ்வழிகாட்டி வெற்றுக் கூட்டோடு நின்றுவிடும். மருந்தின் வகையும் எடையும் அச்சிட்ட கையேடுகளிலிருந்து மட்டுமே பெறப்பட வேண்டியவை. அவற்றை இங்கே தேட வேண்டாம். சட்டத்தையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்காவில் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டா நிரப்புபவருக்குக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் உற்பத்தியாளர் உரிமம் கட்டாயம். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களையும்கூடத் தோட்டா என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. உரிமமின்றித் தயாரிப்பது குற்றம். ஆகவே தமிழகத்தில் இருந்து வாசிப்பவருக்கு இது அறிந்துகொள்ள மட்டுமே. இவ்வேலை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாட்டில், முறையான உரிமம் பெற்ற ரைஃபிளோடு வாழ்பவருக்கே இது செய்முறையாகும்.

எதை இழக்கக் கூடாது

கூட்டின் பகுதிகளை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் அமரும் தடித்த அடி, அதிலிருந்து மேலே மெல்லக் குறுகிச் செல்லும் உடல், உடல் சட்டென்று சரிந்து குறுகும் தோள், குண்டைப் பற்றி நிற்கும் கழுத்து என்பவையே அவை. தோட்டா குழலின் பின்பகுதியாகிய சேம்பருக்குள் செல்லும்போது, அதன் தோள் சேம்பரின் தோளில் முட்டி நிற்கிறது. பின்னால் போல்ட்டின் முகம் அதன் அடியைத் தாங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே ஹெட்ஸ்பேஸ். கூட்டின் நீளம் இத்தூரத்தைவிடக் குறைவாக இருந்தால், வெடிக்கும்போது கூட்டின் முன்பகுதி அழுத்தத்தால் சேம்பர்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ள, அடிப்பகுதி பின்னோக்கிப் போல்ட் வரை தள்ளப்படுகிறது. இடையில் உள்ள சுவர் இழுபட்டு மெலிகிறது. அது ஒரே வெடியில் அறுந்துபோகலாம். நான்கைந்து வெடிகளில் மெல்ல அறுந்துபோகவும் கூடும். அறுந்தால், சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு அளவில் அடைபட்டிருந்த வாயு சுடுபவரின் முகத்துக்குச் சில அங்குலத் தொலைவில் வழி தேடும்.

வைல்ட்கேட் கூடு அமைப்பதில் கைவேலை பல உண்டு என்றாலும், அவை அனைத்தும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகின்றன: வடிவத்தை மாற்றும்போதும், மாற்றிய பிறகும், கூடு சேம்பருக்குள் எந்த இடத்தில் நிற்கிறது? கழுத்தின் அழகும் வெட்டின் நேர்த்தியும் இரண்டாம் பட்சமே. கழுத்தை விரிக்க விரிக்கத் தோளின் அகலம் குறைகிறது என்பதை எண்களில் பார்த்தால் இது விளங்கும். .30-06 கூட்டில் தோளின் அடி விட்டம் சுமார் 0.441 அங்குலம், கழுத்தின் வெளிவிட்டம் சுமார் 0.340, ஆக ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் தோள் இருக்கிறது. .338-06இல் அது 0.9 மில்லிமீட்டரளவுக்குக் குறைகிறது; .35 வீலனில் 0.7 மில்லிமீட்டருக்கும் கீழே போகிறது. இதே கூட்டை இன்னும் விரித்த .400 வீலனில் தோள் பெயருக்குத்தான் மிஞ்சியது. அதன் ஹெட்ஸ்பேஸ் நம்பத்தக்கதா என்ற வாதம் அத்தோட்டாவின் காலம் முழுவதும் ஓயவில்லை. .338-06இன் தோள் போதுமானது. ஆனால் கூட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சாகிய டையைக் கவனக்குறைவாக ஒரு முறை ஆழமாகத் திருகிவிட்டால் வீணாக்கிவிடக்கூடிய அளவுக்குக் குறுகியது.

கூட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுதியைச் சேர்ந்த கூடுகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். புதியவை சிறந்தவை, தம் ரைஃபிளிலேயே ஒரு முறை சுட்டவையும் ஏற்கத்தக்கவை. சுடுதளத்தில் தரையிலிருந்து பொறுக்கியவற்றுக்கு வரலாறு தெரியாது. எந்தச் சேம்பரில் எத்தனை முறை வெடித்தன என்று கூட்டைப் பார்த்து முழுமையாகச் சொல்ல இயலாது. ராணுவத் தொகுதிக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி நெரித்துப் பூட்டிய வளையம் இருக்கும். அதை அகற்றினாலன்றிப் புதிய பிரைமர் அமராது. அவற்றின் சுவர்களும் பல சமயம் தடிப்பாக இருப்பதால் உட்கொள்ளளவு குறைந்து, அதே மருந்து எடைக்கு அழுத்தம் கூடும்.

சுட்ட கூடுகள் என்றால் ஒவ்வொன்றின் உட்புறத்தையும் சோதிக்க வேண்டும். மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியைக் கூர்மையாக்கி, நுனியை மட்டும் செங்கோணத்தில் வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரோடு உரசி மேலே இழுத்தால், அடிக்குச் சற்று மேலே பள்ளம் ஏதும் இருந்தால் நுனி அதில் தடுக்கும். தடுத்தால் அக்கூட்டைப் பிளையரால் நசுக்கிப் பழைய பித்தளையில் சேர்த்துவிடுவது நல்லது. நசுக்காமல் வைத்தால் என்றாவது மற்ற கூடுகளோடு கலந்துவிடும். வெளிப்புறத்தில் அதே இடத்தில் பளபளப்பான மெல்லிய வளையம் தெரிந்தாலும் இதே முடிவுதான்.

பிரைமரை அகற்றி, கூடுகளைக் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே அடுத்த வேலை. அளவெடுக்கக் கேலிப்பர் ஒன்றும், கழுத்துச் சுவரின் தடிமனை அளக்க உருண்டை முனையுள்ள மைக்ரோமீட்டர் ஒன்றும், தோள் வரையிலான நீளத்தை ஒப்பிடக் கேலிப்பரில் மாட்டும் ஒப்பீட்டு வளையம் ஒன்றும் வேண்டும். மூன்றாவதை வாங்காமல் விடுபவர் பலர். மற்ற இரண்டும் இல்லாமல்கூட ஓரளவு சமாளிக்கலாம். இது இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது சரியல்ல என்பது என் கருத்து.

கழுத்தை இளக்குதல்

தோட்டாப் பித்தளையில் ஏறத்தாழ எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் உள்ளன. இவ்வுலோகம் வளைக்கப்படும்போதெல்லாம் கடினமாகிறது. சுட்டு, மீண்டும் சுருக்கி, மீண்டும் சுட்ட கழுத்து நெகிழ்ச்சியை இழந்திருக்கும். அதை அப்படியே விரித்தால் வாய் ஓரத்தில் கீறல் விழும். சூடேற்றினால் உலோகம் மறுபடி மென்மையாகும். ஆனால் இரும்பைப் போலப் பித்தளையைத் தண்ணீரில் அமிழ்த்திக் கடினமாக்க முடியாது. சூடுபட்டு மென்மையான அடிப்பகுதியைத் திரும்பக் கடினப்படுத்த எந்த வழியும் வீட்டில் இல்லை. இதனால்தான் இவ்வேலையின் ஒரே கடுமையான விதி இவ்வாறு அமைகிறது: கழுத்தும் தோளும் இளக வேண்டும், அடி ஒருபோதும் சூடேறக் கூடாது. அடி மென்மையான கூடு முழு அழுத்தத்தைத் தாங்காது.

கண்ணால் நிறம் பார்த்துச் செய்வதைவிட, குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் குறிப்பூச்சைப் பயன்படுத்துவது நம்பகமானது. கழுத்தின் உட்புறத்தில் 750 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில் உருகும் பூச்சையும், தோளுக்குச் சற்றுக் கீழே உடலில் 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் பூச்சையும் ஒரு கோடாகத் தடவ வேண்டும். கூட்டைக் கையில் பிடிக்காமல் ஒரு குழிச்சாவியிலோ துளையிட்ட பிடியிலோ தளர்வாக வைத்துச் சுழற்றியபடி, புரொப்பேன் சுடரைக் கழுத்தும் தோளும் சந்திக்கும் இடத்தில் காட்ட வேண்டும். உள்ளே உள்ள பூச்சு உருகியதும் உடனே சுடரை விலக்க வேண்டும். உடலில் உள்ள பூச்சின் கீழ்ப்பகுதி உருகாமல் இருக்க வேண்டும். சில விநாடிகளுக்குள் முடிந்துவிடும் வேலை இது. அரையிருட்டில் செய்தால் கழுத்து மங்கலாகக்கூடச் சிவக்கத் தொடங்குவது தெரியும். பளிச்சென்று செம்மஞ்சளாக மாறும் வரை விட்டால் துத்தநாகம் வெளியேறிப் பித்தளை பலவீனப்படும். முதல் சில கூடுகளில் காலத்தை மனத்துக்குள் எண்ணி வைத்துக்கொண்டால், மீதிக் கூடுகளுக்கு அதே எண்ணிக்கையைக் கையாளலாம்.

சூடேறிய கூட்டைத் தண்ணீரில் போடலாம், போடாமலும் விடலாம். போட்டால் வெப்பம் கீழே இறங்குவது நிற்கும். கடினத்தில் வேறுபாடு வராது. உள்ளே தங்கிய நீரை உலர்த்தும் வேலைதான் கூடும்.

புதிய கூடுகளைத் தொழிற்சாலையிலேயே இளக்கித்தான் அனுப்புகிறார்கள். அவற்றில் கழுத்தோரம் நீலமும் பழுப்பும் கலந்த சாயல் தெரிந்தால் அது குறையல்ல. .338 வரை விரிப்பதற்கு அவற்றை மறுபடி இளக்க வேண்டியதில்லை.

விரித்தல்

.30-06 கழுத்து பிடிக்கும் குண்டின் விட்டம் 0.308 அங்குலம், அதாவது 7.82 மில்லிமீட்டர். நாம் பிடிக்க வைக்க வேண்டிய குண்டு 0.338 அங்குலம், 8.59 மில்லிமீட்டர். வேறுபாடு முக்கால் மில்லிமீட்டர்தான். கைப்பிடியால் இயக்கும் அழுத்துகருவியாகிய பிரஸ்ஸில் பொருத்தும் கூம்பு வடிவ விரிப்பானைக் கொண்டு இதை ஒரே இறக்கத்தில் முடிக்கலாம். 8 மில்லிமீட்டர் மௌசருக்கான 0.323 அங்குல விரிப்பான் கையிலிருந்தால் அதை இடைப்படியாக வைத்து இரண்டு இறக்கங்களில் முடிப்பது கழுத்துக்கு இதமானது. உருண்டை வடிவ விரிப்பானை நான் விரும்புவதில்லை. அது வெளியே இழுபடும்போது கழுத்தையும் தன்னோடு மேலே இழுத்துக் கோணலாக்குகிறது. கூம்பு அப்படிச் செய்வது குறைவு.

கழுத்தின் உட்புறத்தில் மெழுகு போன்ற வழுக்கித் தைலத்தையோ கிராஃபைட் தூளையோ மெல்லியதாகப் பூச வேண்டும். வெளிப்புற உடலிலும் சற்றுப் பூசலாம், ஆனால் தோளில் பூசக் கூடாது. தோளில் தேங்கும் தைலம் டைக்குள் நசுங்க இடமின்றிப் பித்தளையில் குழி விழச் செய்யும். பிரஸ்ஸின் கைப்பிடியை அவசரமின்றி, ஒரே வேகத்தில் இறக்க வேண்டும். பாதியில் தடை கூடினால் அழுத்தாமல் மேலே எடுத்து, கூட்டை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி இறக்கினால் கழுத்து ஒருபுறம் சாய்வது குறையும். விரிந்த வாயில் முடியளவு கீறல் தெரிந்தாலும் அக்கூடு கழிவுக்குத்தான்.

விரிக்கப்பட்ட கழுத்தின் சுவர் சற்று மெலியும். கூட்டின் மொத்த நீளமும் சிறிது குறையும். இது நமக்குச் சாதகமானது. கழுத்தைச் சுருக்கும் வைல்ட்கேட்டுகளில், உதாரணமாக .25-06இல், நிலைமை தலைகீழாகும். உலோகம் உள்நோக்கித் திரண்டு சுவர் தடிக்கிறது, நீளம் கூடுகிறது. அவ்வாறு தடித்த கழுத்தில் குண்டை அமர்த்தினால் வெளிவிட்டம் சேம்பரின் கழுத்தை நிரப்பிவிடக்கூடும். வெடிக்கும்போது விரிந்து குண்டை விடுவிக்க இடமின்றிப்போனால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அதனால் சுருக்கும் வேலையில் கழுத்தின் வெளிச்சுவரைக் கடைந்து மெலிதாக்கும் கருவி இன்றியமையாதது. விரிக்கும் வேலையில் அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

பொய்த்தோளும் டையின் ஆழமும்

சேம்பரும் கூடும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதைத் தெரிந்துகொள்ளும் இடம் இதுவே. ரைஃபிளின் சேம்பர் .338-06க்கான ரீமரால் வெட்டப்பட்டு, உரிய அளவுக்கட்டைகளால் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். குறைந்தபட்ச அளவுக்கட்டையில் போல்ட் மூட வேண்டும், மிகையளவுக்கட்டையில் மூடக் கூடாது. பழைய ரைஃபிளாக இருந்து சேம்பரின் வரலாறு தெரியாவிட்டால், செரோசேஃப் என்னும் தாழ்வெப்ப உலோகக் கலவையை உருக்கிச் சேம்பரில் ஊற்றி வார்ப்பெடுக்கலாம். இது 70 முதல் 88 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் உருகுவதால் எஃகுக்குத் தீங்கில்லை. ஆறியதும் முதலில் சற்றுச் சுருங்கி, பின் மெல்ல விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சேம்பரின் உண்மையான அளவை அடையும். அந்நேரத்தில் அளந்தால் அளவு சரியாக வரும்.

போல்ட்டிலிருந்து சுடுமுள்ளையும் கூட்டைத் தள்ளும் சுருள்வில்லையும் கழற்றிவிட்டால், போல்ட்டின் கைப்பிடி தன் எடையிலேயே விழும். வெற்றுக் கூட்டைச் சேம்பரில் இட்டு மூடும்போது ஏற்படும் சிறு தடையையும் விரல் உணரும். .338-06 முழுநீள டையைப் பிரஸ்ஸில் சற்று உயரமாகவே பொருத்திக்கொண்டு, விரித்த கூட்டை ஒரு முறை உள்ளே விட்டு எடுத்து, துடைத்து, ரைஃபிளில் இட்டுப் பார்க்க வேண்டும். கைப்பிடி இறங்க மறுத்தால் டையைச் சுற்றில் எட்டில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ கீழே திருகி மறுபடி முயல வேண்டும். கைப்பிடி சற்றே முட்டி, விரல் அழுத்தத்துக்கு இணங்கி மூடும் நிலை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் திருகினால் தோள் பின்னே தள்ளப்படும். தள்ளப்பட்ட தோளை மீட்பதற்கு எளிய வழி கிடையாது. அந்நிலையில் டையின் பூட்டு வளையத்தை இறுக்கி, ஒப்பீட்டு வளையத்தால் தோள் வரையிலான நீளத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் இக்கூடுகளைச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் இவ்வெண்ணே அளவுகோலாகும்.

சில சமயம் இடத்தைச் சோதிக்கும்போது எந்தத் தடையும் இன்றிப் போல்ட் தொங்கலாக மூடிவிடும். கூட்டின் தோள் சேம்பரின் தோளை எட்டவில்லை என்பதே இதன் பொருள். இதற்குப் பொய்த்தோள் முறை தீர்வாகும். புதிய கூட்டின் கழுத்தை .338 அளவைத் தாண்டி .35 வீலனுக்குரிய 0.358 அங்குலம் வரை விரித்து, பிறகு .338-06 டையைப் போதிய உயரத்தில் வைத்து, கழுத்தின் மேற்பகுதியை மட்டும் சுருக்கிக்கொண்டே வர வேண்டும். சுருங்காமல் எஞ்சிய பகுதி உண்மையான தோளுக்கு மேலே ஒரு சிறு படியாக நிற்கும். அந்தப் படி சேம்பரில் முட்டி, போல்ட் இலேசான தடையோடு மூடும் வரை டையைக் கீழே இறக்கினால் கூடு பின்னால் போல்ட்டோடு உறுதியாகப் பொருந்தி நிற்கும். முதல் முறை சுடும்போது தோள் சேம்பரின் வடிவத்துக்கு முன்னே நிரம்பும், அடிப்பகுதி இழுபடாது. ஒரு படி கூடுதல் வேலை என்றாலும், தோள் குறுகிய எந்த வைல்ட்கேட்டிலும் இதையே வழக்கமாகக் கொள்வது நல்லது என்று கருதுகிறேன்.

ஆக்லி வழி

தோளையும் உடலையும் மாற்றும் வைல்ட்கேட்டுகள் இன்னொரு குடும்பம். அவற்றில் மிகவும் அறியப்பட்டவை பார்க்கர் ஓட்டோ ஆக்லி வடிவமைத்தவை. 1903இல் பிறந்து 1989 வரை வாழ்ந்த இந்தத் துப்பாக்கிக் கம்மியர், வழக்கத் தோட்டாக்களின் உடற்சரிவைக் குறைத்து, தோளின் கோணத்தை 40 டிகிரிக்கு நிமிர்த்தினார். .30-06இன் இயல்பான தோட்கோணம் 17.5 டிகிரிதான். இக்கூடுகளைப் பெரும்பாலும் டையால் அமைப்பதில்லை. மூலத் தோட்டாவைப் புதிய சேம்பரில் சுட்டால் அழுத்தமே பித்தளையை வெளியே தள்ளிப் புது வடிவத்தில் அச்சாக்கிவிடுகிறது.

இங்கும் நிறுத்துமிடமே கேள்வி. நிமிர்த்தப்பட்ட சேம்பரில் பழைய தோட்டாவின் தோள் எதிலும் முட்டாது. கழுத்தும் தோளும் சந்திக்கும் மெல்லிய வட்டக்கோடு மட்டுமே தொடும். எனவே ஆக்லி முறையில் சேம்பரை மூலத் தோட்டாவின் குறைந்தபட்ச அளவைவிட 0.004 அங்குலம், அதாவது பத்தில் ஒரு மில்லிமீட்டர், குட்டையாகவே வெட்டுகிறார்கள். போல்ட் மூடும்போது அவ்வட்டக்கோடு நசுங்கித் தோட்டாவைப் பின்னோக்கி இறுக்கிப் பிடிக்கிறது. குழலைப் பின்னே அமர்த்தாமல் ரீமரை மட்டும் உள்ளே செலுத்தி, பழைய சேம்பரைப் பெரிதாக்கிவிட்டு ஆக்லி என்று சொல்லிக் கொடுக்கும் வேலைகளும் உண்டு. அத்தகைய சேம்பரில் மூலத் தோட்டாவைச் சுடுவது கூடு அறுவதற்கு நேர்வழி. கையில் ரைஃபிள் வந்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை, மூலத் தோட்டாவின் வெற்றுக் கூட்டில் போல்ட் தடையோடு மூடுகிறதா என்பதே.

முழு அளவு மருந்துக்குப் பதில் சிறிதளவு மருந்தும் தானிய நொய்யும் அடைத்துக் குண்டில்லாமல் வடிவம் எடுக்கும் முறையும், நீரழுத்த டையும் புழக்கத்தில் உள்ளன. தரமான தொழிற்சாலைத் தோட்டாவைச் சரியான சேம்பரில் சுட்டே வடிவம் பெறுவதுதான் இவற்றில் எளியது. வடிவம் எடுக்கச் சுடுவதே இலக்குப் பயிற்சியுமாகிவிடும். பலனைப் பற்றி அளவுக்கு மீறி எதிர்பார்க்க வேண்டாம். கொள்ளளவு எத்தனை விழுக்காடு கூடுகிறதோ, அதில் ஏறத்தாழக் கால் பங்கே அதே அழுத்தத்தில் வேகமாகக் கூடும் என்பது நெடுநாள் கைக்கணக்கு. கொள்ளளவு எட்டு விழுக்காடு கூடினால் வேகம் இரண்டு விழுக்காடு கூடும். அதற்கு மேல் வேகம் கிடைத்ததாகச் சொல்பவர், பெரும்பாலும் அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்.

வெட்டுதல், அளத்தல், அடையாளமிடல்

அமைத்த கூடுகள் அனைத்தையும் தைலம் போகக் கழுவி, உலர்த்தி, நீளம் அளக்க வேண்டும். .338-06 கூட்டின் உச்ச நீளம் 2.494 அங்குலம், 63.35 மில்லிமீட்டர், வழக்கமாக இதைவிடக் கால் மில்லிமீட்டர் குறைத்து 63.1 மில்லிமீட்டரில் வெட்டுவார்கள். விரித்ததால் சில கூடுகள் அதற்கும் குட்டையாகியிருக்கும். குட்டையானவற்றில் மிகக் குட்டையானதை அளவாகக்கொண்டு மற்றவற்றையும் வெட்டினால் எல்லாம் ஒரே நீளமாகும். சிறிது குட்டையாக இருப்பதால் தீங்கில்லை. உச்ச நீளத்தை மீறுவதே ஆபத்து, ஏனெனில் கழுத்தின் வாய் சேம்பரின் முன்விளிம்பில் நெரிந்து குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய வாயின் உள்ளும் புறமும் பிசிறை நீக்க வேண்டும். கத்திமுனை வரும் அளவுக்குச் சீவ வேண்டியதில்லை.

அடுத்து, பிரைமரோ மருந்தோ இல்லாத ஒரு கூட்டில் குண்டை மட்டும் அமர்த்திக் கழுத்தின் வெளிவிட்டத்தை அளக்க வேண்டும். சேம்பரின் கழுத்து விட்டம் ரீமரின் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும், இல்லையேல் வார்ப்பில் தெரியும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 0.003 அங்குலமாவது, அதாவது 0.08 மில்லிமீட்டர், இடைவெளி இல்லையென்றால் அக்கூட்டில் மருந்து இடக் கூடாது.

உட்கொள்ளளவை அறிய, தம் சேம்பரில் ஒரு முறை சுட்ட கூட்டைப் பழைய பிரைமரோடு எடைபோட்டு, வாய் நிரம்பத் தண்ணீர் ஊற்றி மறுபடி எடைபோட்டு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம். .30-06 கூட்டில் இது சுமார் 68 கிரெயின், அதாவது 4.4 கிராம் நீராக இருக்கும்; .338-06இல் சற்றே கூடும். கையேட்டுத் தரவுகளைத் தந்தவர் பயன்படுத்திய நிறுவனத்தின் கூட்டைவிட நம் கூட்டின் கொள்ளளவு குறைவாக இருப்பதாகத் தெரிந்தால், கையேட்டின் தொடக்க எடையிலிருந்தே மிக மெதுவாக ஏற வேண்டும் என்பதற்கு அது எச்சரிக்கை.

இறுதியாக அடையாளம். கூட்டின் அடியில் இன்னும் .30-06 என்றே பொறித்திருக்கும். .338-06 தோட்டா .30-06 சேம்பருக்குள் நுழையாது. தடித்த கழுத்து தடுத்துவிடும். ஆனால் அதே கூட்டிலிருந்து சுருக்கிய .25-06 தோட்டா .270 தோட்டாவின் சேம்பரிலும் .30-06இன் சேம்பரிலும் எளிதாக உள்ளே போகும், போல்ட்டும் மூடும். .338-06 தோட்டாவும் .35 வீலனின் சேம்பருக்குள் போகும். எனவே ஒவ்வொரு பெட்டியிலும் தோட்டாவின் பெயர், மூலக் கூட்டின் நிறுவனம், எந்த ரைஃபிளுக்கு, எத்தனை முறை சுடப்பட்டது, கழுத்து எப்போது இளக்கப்பட்டது என்பவற்றை எழுதி ஒட்ட வேண்டும். அடியில் நிறப் பேனாவால் ஒரு கோடு இட்டு வைத்தால், பெட்டியிலிருந்து தவறி மேசையில் உருண்ட ஒற்றைத் தோட்டாவையும் அடையாளம் காணலாம். அடையாளம் உறுதிப்படாத கூட்டைப் பிளையரால் நசுக்கிவிடுவதே முறை. ஒரே வீட்டில் ஒரே கூட்டிலிருந்து பிறந்த இரண்டு வைல்ட்கேட்டுகள் இருந்தால், அவற்றை ஒரே நாளில் ஒரே மேசையில் அமைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

முதல் வெடிக்குப் பிறகு கூட்டை எடுத்துத் தோள் வரையிலான நீளத்தை மறுபடி அளந்து, முன்பு எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு ஓரிரு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்குள் இருந்தால் கூடு சரியான இடத்தில் நின்றிருக்கிறது. அதைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தால், மீதித் தோட்டாக்களைச் சுடாமல் எடுத்து வைத்து, கம்பியை வளைத்து உட்சுவரைத் தடவிப் பார்த்து, டையின் ஆழத்தையும் சேம்பரின் அளவையும் துப்பாக்கிக் கம்மியரிடம் சரிபார்த்த பின்னரே தொடர வேண்டும்.